எத்தனை பேப்பர், எத்தனை சைட்டேஷன்... அப்புறம்?

தமிழ்மணம் இருந்த காலத்துல, பல் விளக்கறதுக்கு முன்னாடியே எத்தனை ஹிட்டு, எத்தனை பின்னூட்டம்னு பார்த்தவங்கதானே நாம எல்லாரும்? ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் இதே வியாதி உண்டு மக்களே. அங்கே அதுக்குப் பேர் சைட்டேஷன். உங்க கட்டுரையை இன்னொருத்தர் தன் கட்டுரையில மேற்கோள் காட்டினா கணக்குல ஒண்ணு ஏறும்.

இதுக்கு எச்-இன்டெக்ஸ்னு ஒரு மார்க் வேற. 2005-ல ஹிர்ஷ்ங்கிற இயற்பியல்காரர் கொண்டுவந்தது. அஞ்சு கட்டுரைக்குத் தலா அஞ்சு மேற்கோளாவது இருந்தா மார்க் 5. வாழ்நாள்ல ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் மார்க் 1தான்!

இங்க தாம்பரத்துல எங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி, மருத்துவ உளவியல்ல முனைவர் பட்டம் வாங்கினவ. ஒரு கல்லூரிக்கு இன்டர்வியூ போனா. (பேர் வேண்டாம். ஜிஎஸ்டி ரோட்டைச் சுத்தி கல்லூரிக்கா பஞ்சம்?) "ஸ்கோபஸ்ல எத்தனை? எச்-இன்டெக்ஸ் எவ்ளோ?"ன்னுதான் கேட்டாங்களாம். எத்தனை நோயாளிகளைப் பார்த்தே, அவங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு ஒருத்தரும் கேக்கலையாம்.

இதைக் கேட்டதும் எனக்கு நம்ம ஊர் ஆய்வு ஒண்ணுதான் ஞாபகம் வந்தது. 1981-82-ல ஐசிஎம்ஆர் உதவியோட சென்னையில ஆரம்பிச்சது. மனச்சிதைவு நோய் முதல் முறையா வந்த 90 பேரைத் தொடர்ந்து கவனிக்கிற வேலை. 1984-ல டாக்டர் சாரதா மேனன் ஆரம்பிச்ச ஸ்கார்ஃப் அமைப்பைச் சேர்ந்த டாக்டர் ஆர். தாராவும் கூட இருந்தவங்களும் அந்த ஆட்களை விடவே இல்லை. பத்து வருஷம் கழிச்சு 76 பேர். இருபது வருஷம் கழிச்சு 61 பேர். செல்போனும் ஆதாரும் இல்லாத காலத்துல ஆரம்பிச்ச வேலைங்க இது. வாடகை வீடு மாறிப் போனவங்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறது எவ்ளோ அலைச்சல்னு நினைச்சுப் பாருங்க.

வளரும் நாடுகள்ல இந்த நோய் வந்தவங்க நல்லா தேறறாங்கன்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வுகள் சொல்லுச்சு. அது நிஜமான்னு பார்க்கணும்னா இப்படிப்பட்ட நீண்ட காலக் கணக்குதான் வேணும். வருஷத்துக்கு நாலு பேப்பர் வேணும்னு கழுத்தைப் பிடிச்சா யார் இருபது வருஷம் காத்திருப்பா?

இன்னொண்ணு. மனநோயால ஒருத்தர் எவ்ளோ முடங்கியிருக்கார்னு அளக்க ஐடியாஸ்னு ஒரு அளவுகோல் இருக்கு. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உருவாக்கி, 2002-ல மத்திய அரசு ஏத்துக்கிட்டது. தன்னைக் கவனிச்சுக்கறது, மத்தவங்களோட பழகறது, பேச்சும் புரிதலும், வேலை - இந்த நாலுக்கும் மார்க் போட்டு, எத்தனை வருஷ நோய்னும் சேர்த்து சதவீதம் வரும். 40 சதவீதமும் அதுக்கு மேலயும் வந்தாத்தான் பல சலுகைகள். தாம்பரத்துலேர்ந்து மகனைக் கூட்டிட்டு சான்றிதழுக்கு அலையற ஒரு அம்மாவுக்கு அந்த எண்தான் வாழ்க்கை. ஆனா சான்றிதழ் எழுதற டாக்டர் யாரையும் மேற்கோள் காட்டறதில்லையே! எச்-இன்டெக்ஸ்ல அந்த அம்மா வரவே மாட்டாங்க.

எண்ணை மட்டுமே பார்த்தா என்ன ஆகும்னு நமக்கா தெரியாது? 'நீ எனக்குப் பின்னூட்டம் போடு, நான் உனக்குப் போடறேன்' கதைதான். அங்கேயும் கூட்டாளிங்க மாத்தி மாத்தி மேற்கோள் காட்டிக்கறதும், காசு வாங்கிட்டு எதை வேணா போடற பத்திரிகைகளும் உண்டு. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆகணும்ங்கிற கட்டாயத்தை 2022-ல யுஜிசியே எடுத்துடுச்சு. இன்டர்வியூ மேஜைக்கு இன்னும் சேதி போய்ச் சேரலை போல.

சைட்டேஷனே வேண்டாம்னு சொல்ல வரலை. சென்னை ஆய்வையும் வெளிநாட்டுக்காரங்க மேற்கோள் காட்டத்தான் செய்யறாங்க. அந்த மரியாதை நின்னு நிதானமா வேலை பார்த்ததால வந்தது. அதனால வரிசையை மாத்துங்கன்னுதான் சொல்றேன். யாருக்கு உதவிச்சு, எத்தனை வருஷம் கூட நின்னேன்னு முதல்ல கேளுங்க. ஸ்கோபஸை அப்புறம் பார்த்துக்கலாம்.

கல்லூரியில வேலை பார்க்கிற பதிவர்கள் நம்மள்ல நிறைய பேர் இருக்கீங்க. உங்க பக்கம் எப்படி? நான் சொல்றது தப்புன்னாலும் திட்டிட்டுப் போங்க!