விசுவாசம் பற்றிப் பாடம் எடுப்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஆனால் படிக்காமலே கும்பிடு பொம்மை போட்டுவிட்டுப் போகாதீர்கள், எனக்குத் தெரிந்துவிடும்.

விஷயம் இதுதான். எங்கள் குடும்பக் குழுவில் என் தங்கையின் பேரன் கெவின் டி புருய்ன் படத்தைப் போட்டு ஒரு வாசகம் எழுதியிருந்தான். "பத்து வருஷம் வாழவைத்த மான்செஸ்டர் சிட்டியை விட்டுட்டு நாப்போலிக்கு ஃப்ரீயா போயிட்டார். இந்தக் காலத்துல எவனுக்கும் விசுவாசம் கிடையாது. எல்லாத்தையும் கெடுத்தது அந்த போஸ்மன்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதை அவன் இங்கேயும் பகிர்ந்திருக்கிறான். இங்கேயும் கட்டைவிரல்கள், அதில் பாதி என்னிடம் குடிமையியல் படித்த பிள்ளைகளுடையது. ஒப்பந்தம் என்றால் என்ன, இரு தரப்பு என்றால் என்ன என்று நான் தொண்டை வறள நடத்திய பாடமெல்லாம் எங்கே போயிற்று?

முதலில் டி புருய்ன் கணக்கைத் தீர்த்துவிடுவோம். 2015ல் வொல்ஃப்ஸ்பர்க்கில் இருந்து சிட்டிக்கு வந்தார். ஆறு முறை லீக் பட்டம், 2023ல் சாம்பியன்ஸ் லீக். 2025 கோடையில் ஒப்பந்தம் முடிந்தது. கிளப் புது ஒப்பந்தம் தரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, குடியிருந்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். இதில் விசுவாசத்தை உடைத்தவர் யார் தம்பி? வயது முப்பத்து நான்கை நெருங்கியதும் போய் வா என்று சொன்னவரை விட்டுவிட்டு, மூட்டையைக் கட்டியவரைத் திட்டுகிறாய்.

இனி போஸ்மன். இந்தப் பெயரைத் திட்டுவதற்கு மட்டும் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். அவரும் பெல்ஜியத்துக்காரர், அவரும் நடுக்கள ஆட்டக்காரர். ஆட்டத்தில் டி புருய்ன் கால்தூசுக்குக்கூட வரமாட்டார், அதை நானே சொல்லிவிடுகிறேன். 1986 உலகக் கோப்பையில் பெல்ஜியம் அரையிறுதி வரை வந்து மரடோனாவின் இரண்டு கோலில் வீழ்ந்ததைத் தூர்தர்ஷனில் விடியற்காலை கண் விழித்துப் பார்த்தவன் நான். அந்த அணியில் ஷீஃபோ இருந்தார், போஸ்மன் இல்லை. அந்த உயரத்துக்கு அவர் வந்ததே இல்லை.

ழான்-மார்க் போஸ்மன் 1964ல் பிறந்தவர். ஸ்டாண்டர்ட் லீஜில் வளர்ந்து, 1988ல் அதே ஊரின் இன்னொரு கிளப்பான ஆர்.எஃப்.சி. லீஜுக்கு வந்தார். மாதச் சம்பளம் போனஸ் எல்லாம் சேர்த்துச் சராசரி 1,20,000 பெல்ஜிய ஃபிராங்க். ஒப்பந்தம் 1990 ஜூன் 30ஓடு முடிகிறது. அதற்கு முன்பே ஏப்ரலில் கிளப் ஒரு புது ஒப்பந்தத்தை நீட்டியது. ஒரு வருஷத்துக்கு, மாதம் 30,000. நான்கில் ஒரு பங்கு. சம்மேளன விதிப்படி அதற்குக் கீழே போக முடியாது, அதனால் அங்கே நின்றார்கள், இல்லாவிட்டால் இன்னும் இறங்கியிருப்பார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை. உடனே மாற்றுப் பட்டியலில் போட்டு ஒரு விலையைச் சொன்னார்கள்: 1,17,43,000 ஃபிராங்க்.

பிள்ளைகளே, பேனாவை எடுங்கள். மாதம் 30,000 என்றால் வருஷத்துக்கு 3,60,000. அந்த விலையை இதால் வகுத்துப் பாருங்கள். முப்பத்திரண்டு வருஷச் சம்பளத்துக்கும் மேலே வருகிறது! எங்களிடம் இருந்தால் நீ இவ்வளவு அற்பமானவன், வேறொருவன் கேட்டால் நீ இவ்வளவு விலை உயர்ந்தவன். ஒரே மனிதன், ஒரே கிளப், ஒரே மாதம். இதை எந்தக் கடையில் செய்தாலும் மோசடி என்பீர்கள். கால்பந்தில் இதற்குப் பெயர் பயிற்சிக்கான இழப்பீடு. ஆட்டக்காரரின் ஆண்டு வருமானத்தை வயதுக்குத் தக்கபடி 2 முதல் 14 வரை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். பந்தயக் காளைக்கு விலை பேசுகிறவர்கள்கூட இவ்வளவு துல்லியமாகப் பல்லைப் பிடித்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். இத்தனையும் ஒப்பந்தம் முடிகிறபோது. பாதியில் விட்டு ஓடியவர் இல்லை. வாக்குக் கொடுத்த காலம் முழுக்க இருந்துவிட்டு, காலம் முடிந்ததும் கிளம்புகிற மனிதர்.

பிரான்சின் இரண்டாம் நிலை லீக்கில் டன்கர்க் கிளப் அவரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. மாதம் ஏறக்குறைய ஒரு லட்சம் ஃபிராங்க். இரண்டு கிளப்புக்கும் இடையே ஓராண்டுக்கு 12 லட்சம் என்று பேசி முடித்துக் கையெழுத்தும் ஆயிற்று. ஒரே ஒரு நிபந்தனை: பெல்ஜிய சம்மேளனத்தின் மாற்றுச் சான்றிதழ், ஆகஸ்ட் 2 அன்று நடக்கிற முதல் ஆட்டத்துக்குள் பிரெஞ்சு சம்மேளனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். டன்கர்க்கிடம் பணம் இருக்கிறதா என்று லீஜ் கிளப்புக்குச் சந்தேகம் வந்தது. சான்றிதழை அனுப்பச் சொல்லி அது கேட்கவே இல்லை. இரண்டு ஒப்பந்தமும் செத்தன. ஜூலை 31 அன்று அவரை இடைநீக்கமும் செய்து, அந்த சீசன் முழுக்க எங்கும் ஆட முடியாதபடி செய்தார்கள். வயது இருபத்தைந்து.

டி.சி. தராமல் பையனை உட்கார வைத்த கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு எரிச்சல் உண்டு, மறைக்கப் போவதில்லை. பணிக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தனியார் நிர்வாகத்தில் என் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். நல்ல இடத்தில் வேலை கிடைத்து, நோட்டீஸ் காலத்தையும் முடித்துவிட்டுப் போய்க் கேட்டால், இன்றைக்கு வா, அடுத்த வாரம் வா. ஐந்து மாதம். அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. என் அம்மா மட்டும் "அவங்க உன்னை விட மனசில்லாம வெச்சிருக்காங்கடா" என்று சமாதானம் சொன்னாள். விட மனசில்லாதவர்கள் சம்பளத்தை ஏற்றியிருப்பார்கள். உங்களில் சிலர் இன்று தாளாளர்களாகவும் மேலாளர்களாகவும் இருக்கிறீர்கள். உங்கள் பீரோவில் யாருடைய அசல் இருக்கிறது? பின்னூட்டத்தில் சொல்ல வேண்டாம், திருப்பிக் கொடுத்தால் போதும்.

நான் ஐந்து மாதத்தோடு ஓய்ந்தேன். போஸ்மன் 1990 ஆகஸ்ட் 8 அன்று லீஜ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். தீர்ப்பு வர ஐந்து வருஷத்துக்கும் மேல். ஒரு ஆட்டக்காரனுக்கு ஐந்து வருஷம் என்றால் பாதி ஆயுள். இடைக்கால உத்தரவில் அவர் எங்கு வேண்டுமானாலும் ஆடலாம் என்று ஆயிற்று. யார் எடுத்தார்கள்? செயின்ட் குவென்டின் என்ற பிரெஞ்சு இரண்டாம் நிலை கிளப், ஒரு சீசன். பிறகு இந்தியப் பெருங்கடலில் இருக்கிற ரீயூனியன் தீவில் ஒரு கிளப். பிறகு பெல்ஜியத்தின் மூன்றாம் நிலையில் ஷார்லெரோவா ஒலிம்பிக். ஐரோப்பிய கிளப்புகள் அவரைப் புறக்கணித்ததற்கு அறிகுறிகள் இருப்பதாகத் தீர்ப்பிலேயே குறிப்பு இருக்கிறது. ஒதுக்கி வைப்பது என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

1995 டிசம்பர் 15. லக்ஸம்பர்க்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகனாக இருந்து வேறொரு உறுப்பு நாட்டு கிளப்புக்குப் போனால், பழைய கிளப் பணம் கேட்கக் கூடாது. இரண்டு, கிளப் ஆட்டங்களில் இத்தனை வெளிநாட்டார்தான் ஆடலாம் என்ற கட்டுப்பாட்டை உறுப்பு நாட்டவர் மேல் வைக்கக் கூடாது. ஆதாரம்? தொழிலாளர் ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்குப் போய் வேலை செய்யலாம் என்ற ரோம் ஒப்பந்தத்தின் 48வது பிரிவு. 1957ல் எழுதியது. சுரங்கத் தொழிலாளிக்கும் தையல்காரருக்கும் அத்தனை வருஷமாக இருந்த உரிமை பந்து உதைப்பவருக்கும் உண்டு என்று சொன்னார்கள். புரட்சி ஒன்றும் இல்லை.

"சின்ன கிளப்புகள் அழிந்தனவே, ஐயா?" என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். அடி விழுந்தது உண்மை. 1995ல் ஐரோப்பாவின் சாம்பியன் அயாக்ஸ். அது வளர்த்த எட்கர் டேவிட்ஸ் 1996லும், கிளைவர்ட் 1997லும் ஏ.சி. மிலனுக்குப் போனார்கள், அயாக்ஸுக்கு மாற்றுத் தொகை என்று எதுவும் இல்லை. அந்த அணி மறுபடி அந்த உயரத்துக்கு வரவில்லை. அயாக்ஸ் ரசிகன் போஸ்மனைத் திட்டினால் நான் பேசாமல் கேட்டுக்கொள்வேன்.

ஆனால் தீர்ப்பைப் படியுங்கள். கிளப்புகளுக்குள் சமநிலை வேண்டும், இளைஞர்களைப் பயிற்றுவிக்க ஊக்கம் வேண்டும், இரண்டும் நியாயமான நோக்கங்கள் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். அதற்கு வழி இதுவல்ல என்றார்கள். அந்தத் தொகை கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை, கிடைத்தாலும் பயிற்சிக்கு ஆன செலவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார்கள். வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாமே என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் லென்ஸ் தன் கருத்துரையில் யோசனையே சொன்னார். பங்கிட்டார்களா? 1992ல் இங்கிலாந்தில் பிரீமியர் லீக், அதே வருஷம் சாம்பியன்ஸ் லீக், பின்னாலேயே தொலைக்காட்சிப் பணம் வெள்ளமாக வந்தது. வெள்ளம் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று மடையைத் திறந்தவர்கள் பெரிய கிளப்புகளும் சம்மேளனங்களும். பழி மூன்றாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு மனிதன் தலையில். சின்ன கிளப்புக்குப் பயிற்சி இழப்பீடும், மாற்றுத் தொகையில் ஐந்து சதவீதப் பங்கும் 2001ல் விதியாயிற்று. அதை 1990லேயே செய்யக் கூடாது என்று யார் கையைப் பிடித்தார்கள்?

அந்த மனிதருக்கு என்ன கிடைத்தது என்பதையும் கேளுங்கள். கொஞ்சம் நஷ்டஈடு வந்தது, நிற்கவில்லை. ஆட்ட வாழ்க்கை முடிந்திருந்தது, திருமணம் முறிந்திருந்தது. மனச்சோர்வு, குடி. பிற்பாடு தன்னோடு வாழ்ந்த பெண்ணைத் தாக்கிய வழக்கில் தண்டனையும் பெற்றார். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பாதிக்கப்பட்டவர் எல்லோரும் உத்தமராகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் பழக்கம். வழக்கு சரியா என்பது வேறு, ஆள் எப்படி என்பது வேறு. அடித்தது குற்றம், சான்றிதழை அனுப்பாததும் குற்றம்.

எனக்குக் கோபம் கிளப்புகள் மேல் மட்டும் இல்லை. 2021ல் மெஸ்ஸி பாரிஸுக்குப் போனது, 2024ல் எம்பாப்பே ரியல் மாட்ரிட்டுக்குப் போனது, எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான். மாற்றுத் தொகை மிச்சமாகிறபோது கையெழுத்துப் பணமாக ஆட்டக்காரரிடம் எவ்வளவு பெரிய தொகை சேர்கிறது என்று உலகத்துக்கே தெரியும். கதவைத் திறந்தவர் வறுமையில் இருக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருந்தன. இதில் நன்றி பற்றிப் பேசலாம் தம்பி, அங்கே கட்டைவிரல் போடு.

கதை பழசு என்று நினைக்க வேண்டாம். 2024 அக்டோபர் 4 அன்று அதே நீதிமன்றத்தில் லஸானா டியாரா வழக்கில் தீர்ப்பு வந்தது. பிரெஞ்சுக்காரர், நடுக்கள ஆட்டக்காரர், மாஸ்கோ கிளப்போடு தகராறு, எடுத்துக்கொள்ள வந்தது பெல்ஜியத்தின் ஷார்லெரோவா. தடுத்தது மறுபடியும் அதே மாற்றுச் சான்றிதழ் விவகாரம், ஃபிஃபா விதிகளின் பெயரில். அந்த விதிகளும் சட்டத்துக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னது. டியாராவுக்கு வாதாடியவர்களில் ஒருவர் ழான்-லூயி டுபோன். இளம் வழக்கறிஞராக போஸ்மனுக்கு வாதாடியவரும் அவர்தான்.

பேரனுக்கு: கோபப்படாதே, நீ போட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். பதில் எழுது, வரவேற்கிறேன். ஆனால் முதலில் தீர்ப்பைப் படி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வழக்கு எண் சி-415/93. அப்புறம் பாட்டியிடம் சொல், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வத்தக்குழம்பு வேண்டும்.