பண்ணையில் விருந்தாளி: பிரான்ஸ் விவசாயி எப்படிச் செய்கிறார்?

கேள்வி: என் மகள் குடும்பம் பாரிஸில் இருக்கிறது. போன கோடையில் பிள்ளைகளோடு டோர்டோன் என்ற பக்கம் போய், ஒரு விவசாயி இடத்தில் காசு கொடுத்து ஒரு வாரம் தங்கினார்களாம். ‘நம்ம தோட்டத்திலயும் இப்படிச் செய்யலாமேப்பா’ என்கிறாள். எனக்கு நாலு ஏக்கர் தென்னை, ஐந்து மாடு. 20 லட்சம் கடன் வாங்கி நாலு குடில் கட்டலாமா? அங்கே எப்படிச் செய்கிறார்கள்?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: கடனைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் மகள் போய்வந்த ஊரைப் பார்ப்போம்.

பிரான்ஸின் தென்மேற்கில் இருக்கிறது டோர்டோன் மாவட்டம். அதே பெயரில் ஓர் ஆறு. பழைய பெயர் பெரிகோர். அக்ரூட் எனும் வால்நட் தோப்பு, ஸ்ட்ராபெரி, வாத்து, கருவேலமல்ல, ஓக் மரக் காடு, அதன் வேரடியில் விளையும் கறுப்பு ட்ரஃபிள் காளான். பெரிய ஆலை, பெரிய நகரம் என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை.

அங்கே போகும் குடும்பம் ஒரு வாரம் என்ன செய்யும்? புதன், சனிக்கிழமைகளில் சார்லா ஊரில் சந்தை. ஒரு நாள் ஆற்றில் சிறு படகு. இரு கரையிலும் குன்றின்மேல் பெனாக், காஸ்டெல்னோ என்று கோட்டைகள். நூறாண்டுப் போர்க் காலத்தில் எதிரெதிராக நின்றவை. காஸ்டெல்னோவில் கல் எறியும் பழைய போர் யந்திரங்கள் இருப்பதால் பையன்கள் அதைவிட்டு வரமாட்டார்கள். பக்கத்து மாவட்டத்தில் பதிராக் என்ற இடத்தில் பூமியில் 75 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம். கீழே இறங்கினால் நிலத்தடி ஆற்றில் படகில் கூட்டிப்போகிறார்கள். சார்லா பக்கத்தில் பழைய தண்ணீர் ஆலையில் வால்நட் எண்ணெய் ஆட்டுவதைப் பார்க்கலாம். பருப்பைக் கல்லில் அரைத்து, வாணலியில் சூடாக்கி, பிழிகிறார்கள். நம் செக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. தோப்பை மட்டும் பார்க்க அங்கே யாரும் ஒரு வாரம் வந்து தங்குவதில்லை. கோட்டைக்கும் குகைக்கும் ஆற்றுக்கும் வருகிறவர்கள் விவசாயியிடம் தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், போகும்போது எண்ணெயும் ஜாமும் வாங்கிப்போகிறார்கள்.

அவர்கள் குடில் கட்டித் தொடங்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கிராமத்து ஜனங்கள் நகரத்துக்குப் போய்விட, வீடும் கொட்டகையும் பாழடைந்து கிடந்தன. அவற்றைப் பழுதுபார்த்து வாடகைக்கு விட அரசு உதவியது. ‘ஜீத்’ என்று அந்தத் தங்குமிடத்துக்குப் பெயர். இதற்கான நாடு தழுவிய கூட்டமைப்பு 1955-ல் உருவானது. டோர்டோனில் ஒரு காலத்தில் புகையிலை நிறையப் பயிரானது. அந்தப் புகையிலை உலர்த்தும் மரக்கொட்டகைகள் பல இன்று தங்கும் வீடுகள். இருந்த சுவரும் கூரையும்தான் முதலீடு.

வருகிறவர்களும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1936-ல் பிரான்ஸில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு சட்டமானது. படிப்படியாகக் கூடி 1982-ல் ஐந்து வாரம் ஆனது. ஜூலை, ஆகஸ்டில் பள்ளிக்கூடமும் லீவு. வால்நட் அறுவடையோ செப்டம்பர் கடைசியில்தான். விருந்தாளி மூட்டை கட்டிய பிறகு விவசாயி மரத்தை உலுக்கப் போகிறார். இந்தப் பொருத்தம் எல்லாப் பயிருக்கும் அமையாது. உங்கள் தென்னையில் வருஷம் முழுக்க வெட்டு இருக்கும். மாட்டுக்கு விடுமுறையே கிடையாது.

விவசாயி தன் வீட்டிலேயே அறை விட்டு, காலை உணவும் தருவது இன்னொரு வகை. அதற்கு அந்த நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 5 அறை, 15 பேர். அதற்கு மேல் போனால் அந்தக் கணக்கில் வராது. எனக்குப் பிடித்த விதி இது. விவசாயி விவசாயியாகவே இருக்க இது ஒரு வேலி. வேளாண்மை மன்றங்கள் 1988 முதல் ‘பண்ணைக்கு நல்வரவு’ என்ற பெயரில் ஒரு வலையமைப்பும் நடத்துகின்றன. அதில் பண்ணை உணவகம் நடத்துபவர் முக்கியமாகத் தன் பண்ணையில் விளைந்ததைத்தான் பரிமாற வேண்டும்.

கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு அங்கேயே சாட்சி இருக்கிறது. 1940 செப்டம்பரில் நான்கு இளைஞர்கள் லாஸ்கோ குகையைக் கண்டுபிடித்தார்கள். சுவரெல்லாம் காளையும் குதிரையும் மானும்; 17 ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய ஓவியங்கள் என்று சொல்கிறார்கள். 1948-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அத்தனை பேர் மூச்சுக்காற்றும் ஈரமும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப்பாசி படர்ந்தது. 1963-ல் மூடிவிட்டார்கள். இன்று குடும்பங்கள் பார்ப்பது நகல் குகை. 1983-ல் ஒன்று, 2016-ல் பெரிதாக இன்னொன்று.

பண்ணைக்கு இதைவிடக் கிட்டத்து ஆபத்து நோய். 2022-ல் பறவைக் காய்ச்சல் டோர்டோன் வாத்துப் பண்ணைகளையும் தாக்கியது. அப்படிப்பட்ட நேரத்தில் வெளியாள் செருப்பே எதிரி. 2023 அக்டோபர் முதல் பிரான்ஸ் தன் வாத்துகளுக்குத் தடுப்பூசி போடுகிறது. வாத்துக்குக் கடைசி இரண்டு வாரம் தொண்டைக்குள் மக்காச்சோளத்தைத் திணித்து ஈரலைப் பெருக்க வைப்பதையும் அங்கே காட்சியாகக் காட்டுகிறார்கள். அந்த ஈரல் இறக்குமதியை நம் நாடு 2014-ல் தடை செய்தது. சரியான தடை என்பது என் கருத்து. பண்ணையில் எதையும் காட்டிக் காசு பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது.

இனி உங்கள் 20 லட்சம். வாங்காதீர்கள். பழனி, கொடைக்கானல் போகும் குடும்பங்கள் உங்கள் மாவட்டத்தின் வழியாகத்தான் போகின்றன என்பது உங்களுக்கு அனுகூலம். ஆனால் அவர்கள் உங்கள் ஊரில் இறங்குவார்களா என்பதைக் குடில் இல்லாமலே சோதிக்கலாம். ஞாயிறு மட்டும், முன்கூட்டிச் சொல்லி வரும் இரண்டு குடும்பம், பகல் மட்டும், மதியச் சாப்பாடு. ஆறு மாதம் நடத்திக் கணக்கு எழுதுங்கள். அதில் சமைக்கும் கூலியையும் எழுதுங்கள். டோர்டோனில் சீசனில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான் வாடகை. காலையில் ஒரு குடும்பம் போய் மாலையில் அடுத்தது வருவதற்குள் படுக்கை விரிப்பு, கழிவறை, அடுப்படி எல்லாம் முடிய வேண்டும். உங்கள் நீண்ட கடிதத்தில் தென்னை, மாடு, மகள் எல்லாரும் வருகிறார்கள். உங்கள் மனைவி ஒரு வரியிலும் இல்லை. அவரைக் கேட்டீர்களா?

முதல் குடும்பம் வருவதற்கு முன் நாலு வேலை. கிணற்றுக்கு இடுப்பளவு சுவரும் மேலே கம்பி வலையும். மோட்டார் அறைக்குப் பூட்டு. பூச்சிமருந்து டப்பாக்கள் தனி அலமாரியில், அதற்கும் பூட்டு. மாட்டைத் தொட்ட குழந்தை சோப்புப் போட்டுக் கை கழுவ ஒரு குழாய், தொழுவ வாசலில் செருப்பு நனைக்கக் கிருமிநாசினித் தொட்டி. கோமாரித் தடுப்பூசி தவறியிருந்தால் போட்ட பிறகே ஆட்களை விடுங்கள். காய்ந்த மட்டையும் முற்றிய குலையும் இருக்கும் மரத்தடியில் கட்டில் போடாதீர்கள்.

கடிதத்தின் ஓரத்தில், வால்நட் நம் பக்கம் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த மரத்துக்குக் குளிர்காலத்தில் நல்ல குளிர் வேண்டும். இந்தியாவில் காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட் பக்கம்தான் நன்றாக விளைகிறது. உங்கள் சமவெளித் தோட்டத்தில் கன்று வாங்கி வைத்தால் இலையைத்தான் பார்ப்பீர்கள்.