பலாச்சுளையை எண்ணிப் பார்ப்போம்: ஸ்ரீமுஷ்ணம் பெற்றோரின் கொள்கைப் பிரகடனம்

ஸ்ரீமுஷ்ணத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிக்கவைக்கும் பெற்றோர் நாங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மாலையில் கணக்கு நோட்டோடு மல்லுக்கட்டும் பெற்றோரும் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் முதல் தீர்மானம்: 8 வயது வரை எந்தப் பிள்ளையையும் நிற்கவைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்ல மாட்டோம். அதுவரை கணக்கு விளையாட்டாகவே வரட்டும்.

கூட்டல் கணக்குக்குப் பக்கத்தில் யானைப் படம் போட்டு வண்ணம் தீட்டச் சொல்வதை நாங்கள் விளையாட்டில் சேர்ப்பதில்லை. கடைகளில் கணித விளையாட்டு என்று விற்கும் பெட்டிகள் பலவும் இந்த ரகம்தான். விளையாட்டென்றால் முடிவு யாருக்கும் முன்கூட்டித் தெரியக் கூடாது. எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவரும் தோற்க வேண்டும், அதுவும் நிஜமாகவே.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஏழாக 14 குழிகள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக 70. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். இது நாங்கள் ஆடும் முறை. இதில் முதல் ஆட்டக்காரர் எந்தக் குழியில் தொடங்கினாலும் ஐந்து முறை அள்ளுவார், கடைசியில் ஏழு கொட்டை கிடைக்கும். "எங்க ஆரம்பிச்சாலும் ஏழுதாம்மா வருது" என்று பிள்ளை கண்டுபிடிக்கச் சில நாள் பிடிக்கும். ஏன் என்று கேட்டால், எல்லாக் குழியிலும் சமமாகத்தானே இருக்கிறது, சுற்றிச் சுற்றித்தானே போகிறோம், அப்புறம் எது முதல் குழி என்று அதுவே திருப்பிக் கேட்கும். சமச்சீர் என்ற பாடத்தின் உயிர்நாடி இதுதான். பிறகு குழிக்கு ஆறாறு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டே அள்ளலில் கை நின்றுவிடும். கிடைப்பது என்னவோ அதே ஏழு! நாலு நாலாகப் போட்டால்? எங்களில் சிலருக்கு விடை தெரியும். பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்.

காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று சொல்வதற்கான வழி அது: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120. பண்ருட்டிப் பலா விளையும் கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சோதிக்காமல் விடலாமா? பழம் வந்ததும் பிள்ளைகள் முள்ளை எண்ணட்டும். அங்கேயே முதல் சண்டை வரும். காம்பைச் சுற்றி என்றால் எந்த வரிசை வரை? ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு பழத்தை அறுத்துச் சுளையை எண்ணிப் பார்க்கட்டும். ஒரு பழத்தில் பொருந்தி மறு பழத்தில் தவறினால் பழத்தைக் குறை சொல்வதா, சூத்திரத்தையா, எண்ணிய ஆளையா? பெரியவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பழைய நூல் சொல்லிவிட்டது என்பதற்காக ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், பழைய நூல்தானே என்று ஒதுக்கவும் வேண்டாம்.

திண்ணைப் பள்ளிகளை மீட்டெடுக்கப் புறப்பட்டிருக்கிறோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அங்கே படித்த எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலில் வயலும் களத்துமேடும் கடைவீதியும் இருந்தன. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி என்றால் 80-இல் ஒரு பங்கு என்று சின்னப் பிள்ளைகள் மனக்கணக்காகவே புழங்கினார்கள். அந்தத் திறமைக்கு வணக்கம். ஆனால் அதே திண்ணையில் பிரம்பும் இருந்தது, கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது அரிது. அந்தக் காலத்திலிருந்து எங்களுக்கு ஆழாக்கு, படி என்ற அளவைகள் போதும். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்பதை அரிசியை அளந்து கொட்டியே பிள்ளை தெரிந்துகொள்ளும். சிந்தின அரிசிக்காகத் திட்டக் கூடாது.

சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் எங்களுக்கு முன்னோடி. 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்தவர். மாதக் காலண்டரை மட்டும் வைத்துக்கொண்டு எண் விளையாட்டுக்கென்றே ஒரு நூல் எழுதினார். காலண்டரில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைக் கட்டம் கட்டுங்கள். கூட்டுத்தொகை எப்போதும் நடு எண்ணைப்போல் ஒன்பது மடங்கு. செலவு ஒரு பென்சில். ராமானுஜன் என்றதும் இன்னொன்று: கும்பகோணம் நமக்குப் பக்கம்தான் என்றாலும், "அவரைப் பாரு, உன்னைப் பாரு" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டோம்.

ஊரிலேயே கணக்கு கொட்டிக் கிடக்கிறது. பூவராகர் கோயிலின் குதிரை வீரர் தூண்கள், புஷ்கரணிப் படிகள், வாசல் கோலப் புள்ளிகள். மாசி மகத்துக்குப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்படும்போது, எங்கெங்கே நின்று எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார் என்று பத்து வயதுப் பிள்ளை ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கலாம். பிள்ளையின் பட்டியல் நிச்சயம் தவறும். ஏன் தவறியது என்பதில் வேகமும் தூரமும் மண்டகப்படியும் வந்துவிடும்.

தவறான விடைக்கு எங்கள் வீடுகளில் ஒரே கேள்வி: "எப்படி வந்துச்சு, சொல்லு." சரியான விடைக்கும் அதே கேள்விதான். பரிசு, நட்சத்திரம், சாக்லேட் கிடையாது. வேகப் போட்டியும் கிடையாது. யோசிக்கிற பிள்ளை மெதுவாகத்தான் பதில் சொல்லும்.

தேர்வு என்னாவது என்று தாத்தா பாட்டிகள் கேட்கிறார்கள்; நியாயமான கேள்வி. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக 14 வயது நிறைந்த பிள்ளை 10-ஆம் வகுப்புத் தேர்வை எழுதலாம். தேர்வுக்கான பயிற்சியைக் கடைசி ஓரிரு ஆண்டுகளில் பழகிக்கொள்ளலாம் என்பது எங்கள் கணிப்பு. பள்ளிகளோடு எங்களுக்குப் பகை இல்லை. இங்கே சொன்ன எதையும் எந்த ஆசிரியரும் நாளைக்கே வகுப்பில் செய்யலாம், கேட்க வேண்டியதில்லை.

இந்த இயக்கத்துக்குச் சந்தாவும் இல்லை, தலைவரும் இல்லை. ஞாயிறு மாலை யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். வேடிக்கை பார்க்க வரும் பெரியவர்களுக்கு இடமில்லை; ஆட வருகிறவர்கள் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வரவும்.