சம்பாவுக்குக் கட்டுகிறோம், வீட்டை ஏன் விட்டோம்?

நவம்பர் பிறந்துவிட்டால் தஞ்சாவூர் மாவட்டத்தில் எந்தக் கூட்டுறவு சங்கத்து வாசலிலும் கூட்டம் நிற்கும். கையில் சிட்டா, அடங்கல், ஆதார் நகல், பாஸ்புக். "செயலாளரே, கெடு முடியறதுக்குள்ள ஏத்தி விட்டுடுங்க" என்ற குரல்களுக்கு நடுவேதான் என் பணிக்காலத்து ஐப்பசி, கார்த்திகை எல்லாம் போயின. ஒரத்தநாடு பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சம்பாவுக்கு இன்சூரன்ஸ் கட்ட வேண்டும் என்று இன்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016-ல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. இழப்பீடு வராத வருடம் சாலை மறியல் செய்யவும் நம்மவர்கள் தயங்கியதில்லை.

அதே விவசாயியிடம் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். "வீட்டுக்கா? அதெல்லாம் பட்டணத்துக்காரங்களுக்கு" என்பார். ஒரு போகத்துப் பயிருக்குக் காட்டும் அக்கறையை, தாத்தா கட்டிப் பேரன் குடியிருக்கும் வீட்டுக்கு நாம் காட்டுவதில்லை. இது எனக்கு வெகுநாளாகவே பெரிய வருத்தம்.

காற்றும் தண்ணீரும் வயலோடு நின்றுவிடுவதில்லை. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. அப்போது அரசு அறிவித்த நிவாரணத்தை நினைத்துப் பாருங்கள். முழுதும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 4,100. விழுந்த தென்னை ஒன்றுக்கு, வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து 1,100. பத்துத் தென்னையை இழந்தவருக்குக் கிடைத்தது, குடியிருந்த குடிசையையே இழந்தவருக்குக் கிடைத்ததைவிட அதிகம். தென்னைக்குக் கொடுத்தது கூடுதல் என்று நான் சொல்லவில்லை. நிவாரணம் என்பது உயிரைப் பிடித்துக்கொள்ள ஒரு கை. அதை நம்பி வீடு கட்ட முடியாது.

கஜா ஓய்ந்த பிறகு எங்கள் சங்கத்து உறுப்பினர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நாட்டு ஓட்டு வீடு. கொல்லைத் தென்னை நடுக்கூடத்தின் மேல் விழுந்து, கைமரங்கள் முறிந்து, ஓடெல்லாம் தரையில் கிடந்தது. பத்தாயத்து விதைநெல் நனைந்து முளைவிடத் தொடங்கியிருந்தது. அவர் மனைவி பத்திரங்களைத் திண்ணையில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஓட்டுச் சில்லு வைத்து உலர்த்திக்கொண்டிருந்தார். "வீட்டு லோன் போட்டப்பவே இன்சூரன்ஸ் பிடிச்சாங்களேண்ணே" என்று உறுப்பினர் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். படித்துப் பார்த்தேன். அது அவருடைய உயிருக்கு எடுத்த காப்பீடு. அவர் இறந்தால் கடன் அடையும். வீடு இடிந்தால் ஒரு பைசா வராது. இன்றும் கடன் வாங்கிய பலர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இன்று இரவே அந்தக் காகிதத்தை எடுத்து, காப்பீடு ஆளுக்கா, கட்டடத்துக்கா என்று பாருங்கள்.

கட்டடத்துக்கென்றே 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பாலிசி இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் அதில் அடங்கும். மனை விலையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதுதான் தொகை. ஆயிரம் சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 20 லட்சம். அதில் 20 விழுக்காடு, அதாவது 4 லட்சம், வீட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் கொடுக்காமலே சேரும். உச்சவரம்பு 10 லட்சம். பழைய பாலிசிகளில் பாதி மதிப்புக்குக் கட்டியவருக்குச் சேதத்திலும் பாதிதான் கிடைக்கும். இதில் அந்த வெட்டு இல்லை. இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு ஓராண்டு பிரீமியம் பெரும்பாலும் ஒரு மூட்டை நெல் விலைக்குள் முடிந்துவிடும்.

பயிர்க் காப்பீட்டில் அடிபட்டவர்கள் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே வருவாய் கிராமத்தின் சராசரி மகசூல்தான் கணக்கு. உங்கள் வயல் மட்டும் மூழ்கினால் மல்லுக்கட்ட வேண்டும். வீட்டுக் காப்பீட்டில் உங்கள் சுவர், உங்கள் கூரைதான் கணக்கு. சர்வேயர் உங்கள் வாசலுக்கே வருவார். அதனால் தண்ணீர் வடிந்த கையோடு சேற்றை வாரிக் கொட்டிவிடாதீர்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி, நனைந்த பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பிறகு கழுவுங்கள்.

எது கிடைக்காது என்பதும் தெரிய வேண்டும். வருடக்கணக்கில் ஒழுகி ஊறிய சுவருக்குக் கிடைக்காது. ரொக்கத்துக்கும் பத்திரத்துக்கும் இல்லை. மாடு, மோட்டார் சைக்கிளுக்குத் தனிக் காப்பீடு வேண்டும். விற்பதற்காக அடுக்கிய நெல் மூட்டை வீட்டுச் சாமானில் வராது. பலரும் ஏமாறுவது திருட்டில்: புயல், தீ போன்ற விபத்து நடந்த 7 நாளுக்குள் திருட்டுப் போனால்தான் இதில் உண்டு. சாதாரண நாளில் பூட்டை உடைத்தால் இந்தப் பாலிசி உதவாது, திருட்டுக்குத் தனியாக எடுக்க வேண்டும். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு பாபநாசத்திலோ அதிராம்பட்டினத்திலோ வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள், பூட்டியிருப்பதை மனுவிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையிலும் வல்லம் பக்கமும் வாடகைக்கு இருப்போர், கட்டடத்தை விட்டுவிட்டுச் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். அடுக்குமாடியில் இருப்போர் சங்கத்தார் எடுத்திருக்கும் பாலிசியை ஒருமுறை வாங்கிப் படிக்க வேண்டும். பொதுச் சுவருக்கு மட்டுமா, உங்கள் வீட்டுக்கும் சேர்த்தா என்பது அதில்தான் தெரியும்.

இதையெல்லாம் மக்கள் தலையில் மட்டும் சுமத்த எனக்கு மனமில்லை. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. வீட்டுக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு அப்படியே நிற்கிறது. புயல் பாதையில் குடியிருப்பவனுக்குக் கூரை ஆடம்பரமா? அந்த வரியையும் நீக்க வேண்டும். சம்பா மனு வாங்கும் அதே சங்கத்து மேசையில் வீட்டு மனுவையும் வைக்க வேண்டும்; எங்கள் ஊழியர்களுக்கு ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லித் தெரியும். குடிசைகளுக்குப் பதிலாக 3.5 லட்சம் ரூபாய் கொடுத்து 'கலைஞரின் கனவு இல்லம்' கட்ட வைக்கிறது மாநில அரசு. பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியைப் பத்தாண்டுக்குச் சேர்த்தும் எடுக்கலாம், தொகையும் ஆண்டுக்கு 10 விழுக்காடு உயரும். டெல்டாவில் கட்டும் ஒவ்வொரு கனவு இல்லத்துக்கும் முதல் பத்தாண்டு பிரீமியத்தை அரசே கட்டி, சாவியோடு பாலிசியையும் கொடுக்கட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இதைத் தொடங்கலாம்.