ஆலய ஆபிஸுக்குப் புது லேப்டாப்: வாங்குவது பெரிசில்லை, யார் பேரில் திறக்கிறோம் என்பதுதான் பெரிசு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

நம்ம ஆலய ஆபிஸ்ல இருக்கிற பழைய கம்ப்யூட்டரை எடுத்துட்டு லேப்டாப் வாங்கலாம்னு நிர்வாகத்தில் பேச்சு நடக்குது. இரண்டு வாரமா வாட்ஸ்அப் குழுவிலும் இதே பேச்சுதான். "டெஸ்க்டாப்பே போதும்"னு சிலர். "மூவாயிரம் வெள்ளிக்கு அம்மனுக்குப் பட்டுச் சேலை வாங்கலாமே"ன்னு சிலர். "என் மகன் பழைய லேப்டாப் வெச்சிருக்கான், சும்மாவே தர்றேன்"னு ஒருத்தர். எல்லாரும் நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஞாயிற்றுக்கிழமை கவுண்டர்ல உட்கார்ந்து அர்ச்சனை சீட்டு எழுதுறவன் என்ற முறையில் என் கருத்தையும் சொல்லிடுறேன். நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை, எஸ்பிஎம் வரைக்கும்தான். ஆனா முப்பது வருஷமா தொழிற்சாலையில் மெஷினோடு இருக்கிறவன்.

முதல்ல, ஏன் மாற்றணும்? நம்ம கம்ப்யூட்டர்ல ஓடுறது வின்டோஸ் 10. அதுக்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்னு போச்சு. வின்டோஸ் 11 போடலாம்னா, அது கேட்கிற டிபிஎம் 2.0 சிப்பும் புதிய பிராசசரும் நம்ம பழைய பெட்டியில் இல்லை. அந்தப் பெட்டியில்தான் உபயதாரர்கள் பேர், போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் இருக்கு. பேங்க் வேலையும் அதிலேதான். சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டுக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள் அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கையும் அதிலேதான். பூட்டு கெட்டுப்போன உண்டியலை யாராவது வெளியே வைப்போமா?

ஏன் லேப்டாப்? நேர்மையா சொன்னா, அதே காசுக்கு டெஸ்க்டாப் வாங்கினா வேகம் கூட கிடைக்கும், ரிப்பேர் செய்வதும் சுலபம். அதை மறுக்கல. ஆனா நம்ம ஆபிஸ் அகலம் உங்களுக்கே தெரியும். திருவிழா நேரத்தில் கவுண்டரையே வெளியே கூடாரத்துக்குத் தூக்கிட்டுப் போறோம். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கைத் திரையில் காட்டணும். சாயங்காலம் இடி மின்னல் வந்து கரண்ட் போனா, பாதி அடிச்ச ரசீதும் போச்சு. லேப்டாப்ல பேட்டரி இருக்கிறதால அந்தத் தொல்லை இல்லை. அதனால் என் ஓட்டு லேப்டாப்புக்குத்தான்.

என்ன மாதிரி வாங்கணும்? பளபளன்னு விளக்கு எரியுற கேமிங் ரகம் வேண்டாம். ஆபிஸ் உபயோகத்துக்குனு விற்கிற ரகம், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, கணக்கு அடிக்க நம்பர் கீ உள்ள கீபோர்டு, முடிஞ்சா மூணு வருஷ வாரண்டி. இது போதும். ரசீது கண்டிப்பா ஆலயத்தின் பேரில் இருக்கணும். பழைய மானிட்டரைத் தூக்கிப் போடாதீங்க. ஒரு சின்ன அடாப்டர் வாங்கினா அதையே பெரிய திரையா மாட்டிக்கலாம். கண்ணு மங்கின நம்ம வயசுக்காரங்களுக்கு அது ரொம்ப உதவி.

இதெல்லாம் கடைக்காரரே சொல்லிடுவார். நான் எழுத வந்தது வேற விஷயம்.

நான் முன்பு வேறொரு ஆலயத்தில் தொண்டு செய்தேன். அங்கே பொருளாளரா இருந்த அண்ணன் தங்கமான மனுஷன். ஒரு சென் தவறினது கிடையாது. ஆலயக் கணக்கை எல்லாம் தன் சொந்த லேப்டாப்பில் வெச்சிருந்தார். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்குப் போயும் ஆலய வேலை பார்ப்பார். ஒரு நாள் திடீர்னு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருறதுக்குள்ள போயிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச பிறகு அண்ணி அந்த லேப்டாப்பை ஒரு துணிப்பையில் போட்டு ஆலயத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாங்க. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியல. கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரத் தம்பி பார்த்துட்டு, "டிஸ்க் பூட்டியிருக்கு அங்கிள், 48 இலக்க ரெகவரி கீ வேணும்"னார். அந்தக் கீ இருந்தது அண்ணனோட சொந்த ஈமெயில் கணக்கில். அதைத் திறக்க அவர் போனுக்கு கோட் வரணும். அந்த போன் லைனை அதுக்குள்ள குடும்பத்தார் நிறுத்திட்டாங்க. இரண்டு வருஷக் கணக்கும் உபயதாரர் பட்டியலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே நின்னு போச்சு.

அந்த வருஷத் திருவிழாவுக்குப் பட்டியலை ஞாபகத்தில் எழுதினோம். தோட்டத்தில் பால்மரம் வெட்டின காலத்திலிருந்து ஆறாம் நாள் உபயத்தில் பங்கு கட்டி வந்த ஒரு பாட்டி பேர் விட்டுப் போச்சு. அர்ச்சனைக்குப் பேர் படிக்கும்போது அவங்க எழுந்து நின்னுட்டு இருந்தாங்க. பேர் வரல. சண்டை போடல, கேட்கவும் இல்லை. பிரசாதம் வாங்காம போயிட்டாங்க. மறுநாள் நாலு பேர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "பரவால்ல தம்பி, அம்மாளுக்குத் தெரியும்"னு சொல்லி காப்பி போட்டுக் கொடுத்தாங்க. எனக்கு அந்தக் காப்பி தொண்டையில் இறங்கல.

இதில் அண்ணன் மேல தப்பே இல்லை. கேட்காம விட்ட நாங்கதான் தப்பு. எங்க தொழிற்சாலையில் ஒரு ஷிப்ட் முடிச்சுப் போறவர், அடுத்த ஷிப்ட்காரருக்குப் புத்தகத்தில் எழுதி ஒப்படைக்காம வாசலைத் தாண்ட முடியாது. ஆலயத்தில் மட்டும் "அண்ணன் பார்த்துக்குவார்"னு விட்டுடுறோம்.

அதனால் புது லேப்டாப் வந்ததும் இப்படிச் செய்யணும்னு கேட்டுக்கிறேன்.

ஒன்று. முதல் நாள் அதைத் திறக்கும்போது வின்டோஸ் 11 ஒரு மைக்ரோசாப்ட் கணக்கு கேட்கும். அவசரத்தில் பக்கத்தில் நிற்கிறவர் தன் சொந்த ஈமெயிலைப் போட்டுடுவார். போடாதீங்க. இப்போ வர்ற பல லேப்டாப்பில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கும், சாவி அந்த ஈமெயில் கணக்குக்குப் போயிடும். ஆலயத்துக்குனு தனியா ஒரு ஈமெயில் திறந்து அதைப் போடணும். ரெகவரி கீயைத் தாளில் அச்சடித்து, பாஸ்வேர்டையும் எழுதி, உறையில் ஒட்டி, தலைவர், செயலாளர், பொருளாளர் மூணு பேரும் கையெழுத்துப் போட்டு ஆலயப் பெட்டகத்தில் வைக்கணும். நிர்வாகம் மாறினா பாஸ்வேர்டை மாற்றி உறையையும் மாற்றணும்.

இரண்டு. கணக்கு ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. லேப்டாப்பில் ஒன்று, வாராவாரம் காப்பி எடுக்கிற வெளி டிஸ்கில் ஒன்று, ஆலய ஈமெயில் கணக்கின் கிளவுடில் ஒன்று. உபயதாரர் பட்டியலை வருஷத்துக்கு ஒரு தடவை தாளில் அச்சடித்து பைலில் போடணும். "நோட்டுப் புத்தகமே போதும்"னு சொல்ற பெரியவங்க பேச்சிலும் நியாயம் இருக்கு. தாளுக்குப் பாஸ்வேர்டு கிடையாது.

மூணு. பழைய பெட்டியை உடனே தூக்கிப் போடாதீங்க. பழைய திருவிழா நோட்டீஸ் எல்லாம் யூனிகோட் வர்றதுக்கு முன்னாடி இருந்த எழுத்துருவில் அடிச்சது. அந்த எழுத்துரு இல்லாம புது லேப்டாப்பில் திறந்தா கொக்கிகொக்கியா வரும். பைலோடு சேர்த்து எழுத்துருவையும் காப்பி எடுங்க. இனிமே அடிக்கிறது யூனிகோட்டில் இருக்கட்டும். தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் வின்டோஸ் 11-லேயே இருக்கு. எல்லாம் எடுத்து முடிச்ச பிறகு பழைய டிஸ்கைக் கழற்றி வெச்சுக்கிட்டு மிச்சத்தை மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். பக்தர்கள் விவரத்தோடு டிஸ்க் வெளியே போகக் கூடாது.

நாலு. லேப்டாப் மேசையில்தான் இருக்கணும். கேபிள் பூட்டு போட்டு வைங்க. வேலை மிச்சம் இருக்குனு யாரும் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டாம், நான் உட்பட. வருஷம் முழுக்க சார்ஜில் கிடந்தா பேட்டரி சீக்கிரம் கெடும். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் செட்டிங் நிறைய லேப்டாப்பில் உண்டு, அதைப் போட்டுக்கலாம். சாம்பிராணிப் புகை, விபூதித் தூள் எல்லாம் பேன் வழியா உள்ளே போகும். அடியில் ஒரு ஸ்டாண்டு வெச்சு, கருவறைப் பக்கம் இல்லாம ஜன்னல் ஓரமா வைக்கணும்.

சும்மா கிடைக்கிற பழைய லேப்டாப் பற்றி: தர்றவர் மனசுக்கு நன்றி. அது வின்டோஸ் 11 தாங்குமானு முதல்ல பார்ப்போம். தாங்கினா, எல்லாத்தையும் அழிச்சு ஆலயப் பேரில் புதுசா திறந்து, சமய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். கணக்குக்கு வேண்டாம்.

பட்டுச் சேலை கேட்கிற அக்காமார்களுக்கு: உங்க ஆசை தப்பில்லை. ஆனா சேலை உபயம் கொடுக்கிறவர் பேரையும் எங்கேயோ பத்திரமா எழுதி வைக்கணும் இல்லையா? அதுக்குத்தான் இது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் லேப்டாப் விலையை மட்டும் பேசாம, ஆலய ஈமெயில், உறை, வாராந்திரக் காப்பி மூணையும் தீர்மானமா எழுதுங்கன்னு தாழ்மையா கேட்டுக்கிறேன். வெள்ளிக்கிழமை காப்பி எடுக்கிற வேலையை நானே பார்த்துக்கிறேன். கூட ஒரு இளைஞர் வந்து கத்துக்கிட்டா நல்லது. எனக்கும் வயசாகுது, நான் ஒருத்தனே பார்த்தா மறுபடியும் அதே கதைதான்.

தவறா ஏதாவது எழுதியிருந்தா மன்னிக்கவும். விவரம் தெரிஞ்சவங்க கீழே திருத்துங்க.

ஓம் சக்தி.