நீருக்குள் ஒரு கோட்டை



பவானிசாகர் அணை பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் டணாய்க்கன் கோட்டையை ஒரே வரியில் கடந்துவிட்டது பெரிய குறை. போசளத் தளபதிகளின் ஆற்றங்கரைக் கோட்டை அது. மைசூர்ப் போர்க் காலத்தில், 1790-இல், கிழக்கிந்தியக் கும்பினிப் படை அதைப் பிடித்தது. 1955-இல் முடிந்த அணையின் நீரில் அது மூழ்கிப்போனது. பாசனம் வேண்டியதுதான், மறுக்கவில்லை.

வறட்சியில் நீர் இறங்கி, கோட்டைக்குள் இருக்கும் மாதவப் பெருமாள் கோயில் தலைகாட்டியபோது பரிசலில் போய்ப் பார்த்தேன். சேறு படிந்த தூண்களில் ஆணியால் கீறிய பெயர்கள்; மண்டபத்தில் மதுப்புட்டிகள். நீர் செய்யாத சேதத்தை மனிதர்கள் செய்கிறார்கள்.

கோயில் வெளித்தெரியும் நாட்களிலாவது காவல் போட்டு, சிற்பங்களைப் படமெடுத்து ஆவணப்படுத்தத் தொல்லியல் துறை முன்வர வேண்டும்.

– வாசகர், சத்தியமங்கலம்