மக்கிப் போறது குறையில்லை சாமி!

போன மாசம் ஒரு பொறியியல் கல்லூரியில கடைசி வருஷ ப்ராஜெக்ட் கண்காட்சி. பேரு வேணாம். மார்க் போட வெளியாள் வேணும்னு கூப்பிட்டாங்க. ஆறு வருஷமா பொட்டி தட்டறவன்ங்கற ஒரே தகுதியோட நானும் போய் உக்காந்தேன்.

முதல் பரிசு வாங்கினது ஒரு மீன் பொறி. இரும்புச் சட்டம், பிளாஸ்டிக் பூசின கம்பிவலை, உள்ள போனா திரும்ப வரவே முடியாத ஒருவழிக் கதவு, கேமரா, ஜிபிஎஸ். பக்கத்துல ஒரு அட்டவணை. இந்தப் பக்கம் 'பாரம்பரியக் கூடு', அந்தப் பக்கம் 'எங்கள் கூடு'. ஆயுள்: சில மாதங்கள் / பத்து வருடங்கள். தப்பிக்கும் மீன்கள்: அதிகம் / பூஜ்ஜியம். ரெண்டு வரியிலயும் ஜெயிச்ச பக்கத்துல பச்சை டிக்.

எனக்கு அந்த ரெண்டு டிக்கும்தான் பிரச்சினை. இது கடலுக்குள்ள தொலைஞ்சு போனா என்ன ஆகும் தம்பின்னு கேட்டேன். "தொலையாது சார், ஜிபிஎஸ் இருக்கு." ஜிபிஎஸ் சிக்னல் கடல் தண்ணிக்குள்ள போகாதேன்னேன். மிதவையில வெச்சிருக்கோம்னாங்க. சரி, கயிறு அறுந்தா? மிதவை எங்க மிதந்து போச்சுன்னு துல்லியமா சொல்லும், கூடு எங்க கிடக்குன்னு சொல்லாது. பசங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கூட இருந்த ரெண்டு நடுவருங்க "அதெல்லாம் ஃபியூச்சர் ஒர்க்ல பாத்துக்கலாம் சார்"னு முடிச்சுட்டாங்க. அந்தக் கடுப்புலதான் இந்தப் பதிவு.

மொதல்ல அந்த அட்டவணையில தோத்துப் போன பழைய கூட்டைப் பத்திச் சொல்லணும். மன்னார் வளைகுடா பக்கம், மண்டபம், கீழக்கரை கரையோரத்துல இதுக்குப் பேரே கூடுதான். உடைமரக் குச்சியச் சீவி, பனை நார் வெச்சு கட்டி முடையறது. மேலேருந்து பாத்தா அம்பு முனை மாதிரி இருக்கும். ஒரு பக்கம் வாய், அது உள்ள போகப் போகச் சுருங்கிக்கிட்டே போகும். பவளப்பாறைக்குப் பக்கத்துல கடலடியில இறக்கி வெச்சுட்டு வந்துடுவாங்க. விளமீன், ஓரா, கலவா, கிளிமீன் எல்லாம் மாட்டும்.

கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. அப்புறம் ஏன் மீன் திரும்பி வரமாட்டேங்குது? சூட்சுமம் வடிவத்துல இருக்கு. உள்ள போன மீன் வழி தேடிச் சுவரை ஒட்டியே சுத்தும். வாயோட குறுகின முனையோ சுவர்ல இல்ல, கூட்டுக்கு நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கும். சுவரைத் தடவிக்கிட்டே போறவனுக்கு நடு ஹால்ல இருக்கற வாசல் எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? அதனால நெறைய மீன் வெளிய வராது. ஆனா சிலது வரும். முக்கியமான விஷயமே இதுதான்.

1970கள்ல ஜமைக்காவுல ஜான் மன்ரோங்கறவர் இதே குடும்பத்தைச் சேர்ந்த கூடுகளை வெச்சு இதைக் கணக்குப் போட்டார். கூட்டை எத்தனை நாள் ஊறப் போட்டாலும் மீன் ஏறிக்கிட்டே போகாது. ஒரு கட்டத்துல உள்ள வர்றதும் வெளிய போறதும் சமமாயிடும், அத்தோட நிக்கும். ஓட்டை இருக்கற தொட்டியில குழாயத் திறந்து விட்ட கதை. பசங்க அட்டவணையில 'தப்பிக்கும் மீன்கள்: அதிகம்'னு சிவப்பு எழுத்துல போட்டாங்களே, அது கூட்டோட குறை இல்ல சாமி. நீங்க எடுக்க வராத நாள்ல கூடு தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கிற ஏற்பாடு. நம்ம தொழில்ல இதுக்கு டைம்அவுட்னு பேரு. டைம்அவுட் இல்லாம ஒரு சர்வருக்கு கோடு எழுதிட்டு வந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும், மேனேஜர் திட்டுவார். கடலடியிலேருந்து யாரும் போன் பண்ண மாட்டாங்க, அதான் வித்தியாசம்.

கம்பிவலைக்கு மாறிட்டு, ஒருவழிக் கதவும் போட்டா என்ன ஆகும்? கூடு காணாமப் போகும். புயல் உருட்டிக்கிட்டுப் போகும், விசைப்படகோட இழுவலை வாரிக்கிட்டுப் போயி வேற எங்கயாவது போடும், கயிறு அறுக்கும். ஆனா கூடு தன் வேலையை நிறுத்தாது. உள்ள மாட்டின மீன் பட்டினியில சாகும். செத்த மீன் வாசனைக்கு நண்டு வரும். அது சாகும், அதைத் தின்ன இன்னொண்ணு வரும். இரையை வெக்க ஆள் வேணாம், செத்ததே இரை. யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லாம வருஷக்கணக்கா ஒரு மெஷின் கொன்னுக்கிட்டே இருக்கும். பேய்மீன்பிடிப்புன்னு சொல்றாங்க. சரியான பேருதான்.

சும்மா பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல செசபீக் விரிகுடாவுல, வர்ஜீனியா பக்கம் மட்டும், 2008லேருந்து 2014 வரைக்கும் மீனவர்களுக்கே சம்பளம் கொடுத்துத் தொலைஞ்ச கூடுகளைத் தேடி எடுக்கச் சொன்னாங்க. 34,000க்கு மேல கிடைச்சுது. பெரும்பாலும் நண்டுக்கூடு, எல்லாம் பிளாஸ்டிக் பூசின கம்பிவலை. அதாவது முதல் பரிசு வாங்கின அதே சரக்கு. எடுத்த கூடு பலதுல அப்பவும் உயிரோட நண்டு இருந்துச்சு.

அலாஸ்காக்காரன் இதுக்கு என்ன பண்ணான் தெரியுமா? கேமரா வெக்கல. நண்டுக்கூட்டோட பக்கவாட்டு வலையில குறைஞ்சது 18 அங்குலத்துக்கு ஒரு வெட்டு, அதைச் சாயம் ரசாயனம் எதுவும் ஏத்தாத முழுப் பருத்தி நூலால தைக்கணும். இது சட்டம். கூடு தொலைஞ்சா நூல் உப்புத் தண்ணியில மக்கிப் பிரிஞ்சுடும், ஓட்டை விழும், நண்டு நடந்து வெளிய போயிடும். நூல் வேணாம்னா, உப்புத் தண்ணியில 30 நாளுக்குள்ள அரிச்சுப் போற ஒரு உலோகக் கொக்கி மாட்டலாம். மெய்ன் மாகாணத்துல சிங்கிறால் கூட்டுக்கும் இதே மாதிரி மக்கிப் பிரியற பலகணி கட்டாயம். வர்ஜீனியாவுல கடல் ஆராய்ச்சிக்காரங்க கிருமிகள் தின்னு தீர்க்கற ஒரு வகை பிளாஸ்டிக்குல தப்பிக்கும் பலகணி செஞ்சு பாத்திருக்காங்க.

யோசிச்சுப் பாருங்க. இவ்வளவு காசு செலவழிச்சு, இவ்வளவு படிச்சவங்க சேந்து கண்டுபிடிச்சது என்னன்னா கூட்டுல ஒரு பகுதியாவது மக்கணும்ங்கறது. பனை நார்ல கட்டின கூடு முழுசுமே அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. அதைத்தான் நம்ம பசங்க 'ஆயுள் குறைவு'ன்னு எழுதி சிவப்புல கோடு போட்டாங்க.

இங்க சில பேரு சந்தோஷமா எழுந்து நிப்பீங்கன்னு தெரியும். 'பாத்தியா, நம்ம முன்னோர் எல்லாம் தெரிஞ்சு வெச்சிருந்தாங்க'ன்னு. கொஞ்சம் உக்காருங்க. முன்னோர் பனை நார்ல கட்டினது மீன் மேல இருந்த கருணையில இல்ல, கைக்குக் கிடைச்சது பனைமரம், அவ்வளவுதான். அன்னிக்கே நைலான் கிடைச்சிருந்தா நைலான்லதான் கட்டியிருப்பாங்க, நான் எழுதித் தரேன். தவிர பழைய கூடும் ஒண்ணும் புனிதம் கிடையாது. முடைச்சல் கண்ணு சின்னதா இருந்தா, தட்டுல வெக்கறதுக்குக்கூட ஆகாத குஞ்சு மீனும் மாட்டும். அதுலயும் கிளிமீனும் ஓராவும் பவளத்து மேல படர்ற பாசிய மேயற மீனுங்க. 2010லயும் 2016லயும் மன்னார் வளைகுடா பவளம் சூட்டுல வெளுத்துச்சு. அதுல செத்துப் போன பாறைய பாசி மூடாம இருக்க மேயறதுக்கு ஆள் வேணும். மேயற ஆளைக் குஞ்சுலயே புடிச்சுட்டா? அதனால 'பழசுக்கே போவோம்' கோஷ்டியிலயும் நான் இல்ல.

அந்தக் குஞ்சு மீன் பிரச்சினைக்கும் ஒரு ஓட்டைதான் விடை. கரீபியன்ல கூரசாவ் தீவுல அயானா எலிசபெத் ஜான்சன்னு ஒருத்தங்க, கூட்டு மூலையில ஒரு அங்குலம் அகலத்துக்கு நெட்டுக்குத்தா ஒரு இடைவெளி விட்டுப் பாத்தாங்க. சின்ன மீனும், வண்ணத்துப்பூச்சி மீன் மாதிரி தட்டையா ஒல்லியா இருக்கற விலை போகாத மீனும் நழுவிப் போயிடும், கலவா மாதிரி தடியன் மாட்டிக்குவான். 2010ல முடிவு வெளியாச்சு. வேண்டாத மீன் மாட்டறது 80 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுது, மீனவர் கைக்கு வர்ற காசு சொல்லிக்கற மாதிரி குறையல. செலவு? கம்பிவலைய வெட்டறதுக்கு ஒரு கட்டிங் பிளேயர்.

சரி, கூடு போடறவங்க என்ன சொல்றாங்க? போன வருஷம் மண்டபம் பக்கம் போனப்ப, கரையில உக்காந்து கூடு முடைஞ்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவர்கிட்ட பேச்சு கொடுத்தேன். கம்பிவலைக்கு ஏன் எல்லாரும் மாறுறாங்க ஐயான்னு கேட்டேன். "உடைமரத்துக்கு எங்க போறது தம்பி? முடையத் தெரிஞ்சது நாங்க நாலு கிழடுங்க. எம் மவன் கம்பிக்கூடு வாங்கிட்டான். அவனை நான் என்னன்னு திட்டுறது?"ன்னார். மிதவை கட்டறதில்லையான்னு கேட்டதுக்குச் சிரிச்சார். "மிதவை கட்டினா நமக்கு முன்னாடி வேற எவனாச்சும் தூக்கிருவான்." கரையில தெரியற கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரே நேர்ல வெச்சுப் பாத்துத்தான் கூட்டை எடுப்பாராம். அப்ப தொலைஞ்சு போனா? "போனது போனதுதான். என் கூடு செத்துரும். மவன் கூடு சாவாது."

அவர் மவன் பக்கம் நியாயம் இருக்கு. கம்பிக்கூட்டை ஒரு தடவை வாங்கினா வருஷக்கணக்குல ஓடும், நார்க்கூட்டை வருஷத்துல ரெண்டு மூணு தடவை முடையணும், கூலி யாரு கொடுப்பா? அவரைப் போய் 'பழைய கூட்டுக்கு மாறு'ன்னு ஏசி ரூம்ல உக்காந்து சொல்ற வேலைய நான் செய்ய மாட்டேன். கம்பிக்கூடே இருக்கட்டும். அதுல ஒரு முழத்துக்கு வெட்டி, பருத்தி நூல்ல தைக்கச் சொன்னா என்ன கஷ்டம்? நூல் கடலுக்குள்ளயே மீனோட அறுந்துட்டா நஷ்டம்தானேன்னு கேட்பீங்க. ஆமா, அதனால சில வாரத்துக்கு ஒரு தடவை நூலை மாத்தணும். கூட்டைத் தூக்கும்போது அஞ்சு நிமிஷ வேலை. சில பேரு பருத்திக்குப் பதிலா நைலானைப் போட்டு ஏமாத்துவான்னும் தெரியும். ஹெல்மெட்டே போட மாட்டேங்கறான் நம்மாளு. அதுக்காக ஹெல்மெட் செய்யறதையே நிறுத்திட்டோமா?

என் கோவம் மீனவர் மேல இல்லவே இல்ல. வடிவமைக்கறவன் மேல. அவன்தான் படிச்சவன், அவன்கிட்டதான் நேரமும் லேப்பும் இருக்கு. கூடு வடிவமைக்கறதுன்னா உள்ள இழுக்கறதை மட்டும் வடிவமைக்கறதுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கான். எத்தனை கிலோ மாட்டுச்சு, அது ஒண்ணுதான் அளவுகோல். எந்த மீன் வெளிய போகணும், எத்தனாவது நாள் போகணும், என் கூடு எப்படிச் சாகணும், இந்த மூணு கேள்வியும் அந்த அட்டவணையில ஒரு வரிகூட இல்ல. பத்து வருஷ ஆயுள்னு பெருமையா எழுதறாங்க. யாரும் எடுக்க வராத பத்து வருஷமும் அதுல சேர்த்திதானே அய்யா?

நாலு வருஷம் நானும் இதே மாதிரி ஒரு கல்லூரியிலதான் படிச்சேன், இந்தக் கேள்வியை என்கிட்ட எந்த வாத்தியாரும் கேக்கல. அதனால பசங்களை மட்டும் குத்தம் சொல்ல மனசு வரல. உண்மையில அந்தக் கூட்டோட வெல்டிங் வேலை அருமை, கேமராவுக்குப் போட்ட தண்ணி புகாத பெட்டி அதைவிட அருமை. அந்தக் கேமராவை வெச்சே ஒரு நல்ல வேலை பண்ணலாம்: பருத்தி நூல் தச்ச கூட்டைக் கடல்ல போட்டுட்டு, நூல் எத்தனாவது நாள் பிரியுது, எந்த மீன் எப்ப வெளிய போகுதுன்னு படம் புடிக்கலாம். நம்ம கடல் சூட்டுக்கு நூல் எவ்வளவு கனம் இருந்தா சரியா வரும்னு தெரிஞ்சுடும். அலாஸ்கா குளிர் தண்ணிக் கணக்கு இங்க ஒத்துவராது.

இதையெல்லாம் எழுதி அந்த டீம் லீடருக்கு மெயில் போட்டிருக்கேன். நூல்கண்டு செலவு என்னோடதுன்னும் சேத்து எழுதினேன். ரெண்டு வாரம் ஆச்சு. நேத்துதான் பதில் வந்துச்சு, ஒரே வரி: "சார், எத்தனை ப்ளை நூல்?"